பக்கத்து வீட்டுப் பால்கனியும் எட்டு நெட்டிலிங்கமும்

எங்கள் தெருவில் எல்லாம் ஒரு கிரவுண்டு மனைகள். பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு வரை தரைத்தள வீடுகள்தான். கொல்லையில் ஒரு துவைக்கிற கல், ஒரு கிணறு, முருங்கை, வாழைக் கொத்து. ஐந்தடி காம்பவுண்டு சுவர் இருந்தாலே போதும், யாரும் யாரையும் பார்க்க முடியாது. அப்புறம் ஒவ்வொரு வீடாக மாடி ஏறியது. ஒருநாள் காலையில் லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பல் தேய்த்தபடி கொல்லைக்கு வந்தேன். தலைக்கு மேலே இருந்து, “என்ன சார், காபி ஆச்சா?” என்று ஒரு குரல். பக்கத்து வீட்டின் புதுப் பால்கனி. மனிதர் அன்பாகத்தான் கேட்டார். அன்று சாயங்காலமே நர்சரிக்குப் போய் எட்டு நெட்டிலிங்கக் கன்றுகள் வாங்கி வந்துவிட்டேன்.

அந்த எட்டு மரங்களிடம் பட்டுத் தெரிந்துகொண்டது இந்தக் கட்டுரையில் பாதி. மீதி, நர்சரிக்காரரும் கொத்தனாரும் வாட்ஸ்அப்பும் சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தபோது தெரிந்தது.

“உயரமான மரம்தான் மறைக்கும்”

நான் உட்பட எல்லோரும் முதலில் சறுக்குவது இங்கேதான். மேலே இருந்து பார்க்கிறார்கள், ஆகவே மேலே போகிற மரம் வேண்டும் என்று தோன்றும். ஆனால் மறைக்க வேண்டியது பக்கத்து வீட்டை அல்ல. ஒரு கண்ணுக்கும் உங்களுக்கும் நடுவே ஓடுகிற ஒரு கோட்டை. அந்தக் கோடு எங்கே தாழ்வாகப் போகிறதோ அங்கே ஒரு புதர் இருந்தாலே வேலை முடிந்தது.

என் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். பக்கத்துப் பால்கனி சுவருக்கு அந்தப் பக்கம் 8 அடியில் இருக்கிறது. அங்கே நிற்பவரின் கண் தரையிலிருந்து 16 அடி உயரத்தில். நான் நாற்காலி போடும் இடம் சுவருக்கு இந்தப் பக்கம் 10 அடியில். உட்கார்ந்தால் என் தலை 4 அடி. அந்தக் கண்ணிலிருந்து என் தலைக்கு ஒரு கயிறு கட்டினால், காம்பவுண்டு சுவருக்கு மேலே அது கிட்டத்தட்ட 11 அடி உயரத்தில் போகும். அதே கயிறு என் நாற்காலிக்கு 3 அடி முன்னால் வெறும் 6 அடி உயரத்தில் போகும். சுவரோரம் 11 அடிக்கு மரம் வளரக் காத்திருந்த எனக்கு, நாற்காலிக்கு முன்னால் ஓர் ஆளுயர நந்தியாவட்டை போதுமானதாக இருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஐந்து வருடங்கள் ஆயின.

கணக்குப் போட விருப்பமில்லை என்றால் இன்னொரு வழி. நீளமான கழியின் நுனியில் ஒரு பழைய வேட்டியைக் கட்டுங்கள். நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் யாரையாவது அந்தக் கழியைச் சுவரோரம், நடு முற்றம், உங்களுக்கு அருகில் என்று மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். எங்கே, எந்த உயரத்தில் பால்கனி மறைகிறதோ அங்கேதான் செடி. நர்சரிக்குப் போவது அதற்குப் பிறகு.

“நெட்டிலிங்கம் வைத்துவிட்டால் கவலை இல்லை”

முதலில் பெயர்க் குழப்பம். இதை அசோக மரம் என்று விற்கிறார்கள். சீதை அசோக வனத்தில் உட்கார்ந்திருந்தது இதன் கீழேதான் என்று நம்புகிறவர்களும் உண்டு. உண்மையான அசோகு வேறு குடும்பத்து மரம். குடை போலக் கவிந்து, ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூப்பது. ஊசிக்கோபுரம் போல நிற்கும் நெட்டிலிங்கத்தின் கீழே சீதை உட்கார்ந்திருந்தால் நிழலே கிடைத்திருக்காது.

மற்றபடி நெட்டிலிங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய மரம், வருடம் முழுக்கப் பச்சை, பக்கவாட்டில் அதிகம் படராது. பழுத்தால் குயில் வரும், ராத்திரியில் வௌவால் வரும். காலையில் காரின் மேல் கொட்டை கிடக்கும். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். தவறு மரத்திடம் இல்லை, வைக்கிற முறையில்தான்.

நான் சீக்கிரம் மறைய வேண்டும் என்று இரண்டடிக்கு ஒன்றாக நட்டேன். முதல் மூன்று வருடங்கள் பிரமாதம். அப்புறம் ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழ, வெளிச்சம் கிடைக்காத கீழ் இலைகள் கொட்டத் தொடங்கின. மேலே 20 அடியில் பச்சைச் சுவர், கீழே எட்டுக் குச்சிகள். மறைப்பு எங்கே தேவையோ அங்கே ஓட்டை. எங்கே தேவையில்லையோ அங்கே அடர்த்தி. போதாக்குறைக்கு “அடிக்கிளையைக் கழித்தால்தான் மரம் உயரும்” என்று ஒருவர் சொல்ல, இருந்ததையும் கழித்துவிட்டேன். நெட்டிலிங்கத்தில் அடிக்கிளை போனால் அந்த இடம் மறுபடி நன்றாக மூடுவது அபூர்வம். குறைந்தது நாலைந்து அடி இடைவெளி விட வேண்டும். தேவையான உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளி நிறுத்த வேண்டும். அடியில் கத்தி படக்கூடாது.

எந்த வேலிச் செடிக்கும் இதுதான் விதி: அடி அகலமாகவும் மேல் சற்றுக் குறுகலாகவும் இருக்கும்படி கத்தரித்தால் கீழ் இலைக்கும் வெயில் கிடைக்கும். நம் தோட்டக்காரர்கள் பலரும் நேர்மாறாக, மேலே குடை போல விட்டுக் கீழே ஒட்ட வெட்டுவார்கள்.

“கோனோகார்பஸ் ஆறு மாதத்தில் சுவர் எழுப்பிவிடும்”

எழுப்பும். அதில் பொய்யே இல்லை. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு இந்தச் செடியை நன்றாகத் தெரியும். பாலைவன ஊர்களின் தெருவோரங்களில் மதில் மாதிரி வெட்டி நிறுத்தியிருப்பார்கள். உப்புத் தண்ணீரிலும் வளரும். அதனால்தான் நம் ஊர் லே-அவுட்களிலும் கல்லூரி வளாகங்களிலும் வேகமாகப் பரவியது. ஆனால் மேலே வளர்கிற வேகத்தில்தான் கீழேயும் தண்ணீர் தேடிப் போகும். தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், சம்ப் என்று ஈரம் கசிகிற இடத்தில் எல்லாம் வேர் நுழைந்துவிடுகிறது என்பதே இதை வளர்த்த நாடுகளின் பெரிய புகார். குஜராத் 2023-இல் இதை நடுவதற்குத் தடை விதித்தது. தமிழ்நாடு அரசும் 2025-இல் தடை செய்தது.

இந்த மரத்தின் பக்கத்தில் நின்றாலே ஆஸ்துமா வரும், இது ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதை அப்படியே நம்ப வேண்டாம். மகரந்த ஒவ்வாமை வேண்டுமானால் விவாதத்துக்குரிய விஷயம். ஆக்சிஜன் கதை வெறும் கதை. எந்த மரமும் இரவில் நம்மைப் போலவே சுவாசிக்கிறது, அவ்வளவுதான். இதை வேண்டாம் என்று சொல்ல வேரும் அரசாணையும் போதும்.

“மரத்தின் வேர் அஸ்திவாரத்தைப் பிளந்துவிடும்”

என் கொத்தனார் சத்தியம் செய்தார். பாதி உண்மை. நல்ல கான்கிரீட்டை வேர் துளைத்துக்கொண்டு போகாது. ஏற்கெனவே விரிசலும் கசிவும் இருந்தால் அதைத் தேடி நுழைந்து, பருத்து, பெரிதாக்கும். பழைய மண்குழாய்களின் சிமெண்ட் இணைப்புகள்தான் அதற்குப் பிடித்த வாசல். காம்பவுண்டு சுவரின் கதை வேறு. பல இடங்களில் அதன் அஸ்திவாரம் ஓரிரண்டு அடிதான். ஒட்டி நட்ட மரத்தின் அடிமரம் பருக்கும்போதே சுவர் சாயும். களிமண், கரிசல் நிலங்களில் இன்னொரு தொல்லை: கோடையில் மரம் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி, சுவரில் கோடு விழும். அங்கே வேர் சுவரைத் தொடவே வேண்டியதில்லை.

ஆல், அரசு, அத்தி வகையறாவை மட்டும் சுவர் பக்கமே சேர்க்காதீர்கள். பளபளவென்ற இலையோடு தொட்டியில் விற்கும் ஃபைகஸும் அந்தச் சாதிதான். தொட்டியில் இருக்கும்போது சாது. மண்ணில் இறக்கினால் சுபாவம் தெரியும்.

“தேக்கு வைத்தால் மறைப்புக்கு மறைப்பு, காசுக்குக் காசு”

தேக்கு கோடையில் இலையை மொத்தமாக உதிர்த்துவிடும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் கொல்லையில் ஆடும் மாதங்களில் உங்கள் மறைப்பு மொட்டையாக நிற்கும். வேம்பும் புங்கனும்கூட மாசி, பங்குனியில் சில வாரங்கள் மெலியும். ஆனால் சீக்கிரம் துளிர்த்துவிடும். நல்ல விலைக்குப் போகும் தேக்குக்குத் தோப்பு வேண்டும், சந்து போதாது.

“வீட்டருகே முருங்கை ஆகாது”

இதில் மூடநம்பிக்கையைவிட அனுபவம் அதிகம். முருங்கைக் கிளை பட்டென்று முறியும். பிள்ளைகள் ஏறினால் ஆபத்து. மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். பெரியவர்கள் காரணத்தை விட்டுவிட்டு முடிவை மட்டும் நமக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கீரைக்கும் காய்க்கும் கொல்லையின் கடைசியில் ஒன்று இருக்கட்டும். மறைப்புக்கு உதவாது, அதன் இலை சல்லடை.

“மூங்கில் வைத்தால் தெருவையே பிடித்துவிடும்”

பெரும்பாலும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வந்த பயம். மூங்கிலில் இரண்டு குணம் உண்டு. ஒன்று மண்ணுக்கடியில் நீளமாக ஓடி, எங்கோ போய் முளைப்பது. சீன, ஜப்பானிய மூங்கில்கள் பல அப்படி. இன்னொன்று தூர் கட்டி, இருந்த இடத்திலேயே மெல்லப் பருப்பது. நம் நாட்டு மூங்கில்கள் பெரும்பாலும் தூர் கட்டுபவை. நர்சரியில் “ஓடுமா, தூர் கட்டுமா?” என்று கேட்டு வாங்கினால் பாதிப் பயம் போய்விடும். வேலிக்கென்றே மெல்லிய கழியும் பொடி இலையுமாக 10, 15 அடி வளரும் ரகங்கள் கிடைக்கின்றன. எனக்குத் தெரிந்து மாடிப் பார்வையை மறைக்க அதைவிட வேகமான, சட்டத்துக்கு உட்பட்ட வழி இல்லை.

ஆனால் குப்பை! தினமும் பெருக்க ஆள் இல்லையென்றால் மூங்கில் வேண்டாம். அதை ஒட்டிக் கிணறோ திறந்த தொட்டியோ இருந்தால் நிச்சயமாக வேண்டாம்.

“மரம் நட்டால் சத்தமும் குறையும்”

குறையாது. சத்தத்தைத் தடுப்பது எடை. செங்கல் சுவர் தடுக்கும், இலை தடுக்காது. காதுக்குத் தெரிகிற வித்தியாசம் வர நூறடி அகலத்துக்கு அடர்ந்த தோப்பு வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாத சத்தம் சிலருக்குச் சற்றுக் குறைவாகத் தோன்றலாம் என்பது மட்டும் மனசுக்குக் கிடைக்கிற லாபம்.

“நாட்டுச் செடியெல்லாம் தோட்டத்து வேலிக்குத்தான், வீட்டுக்கு எடுக்காது”

இதுதான் எனக்குக் கோபம் வருகிற இடம். பார்வையை மறைக்கிற வேலியில் நமக்கு இருக்கும் பழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. யாழ்ப்பாணத்தில் கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக, அதாவது துளிர்த்து வளரும் வேலிக் கம்பாக நட்டு, அவற்றில் கிடுகை, அதாவது பின்னிய தென்னோலையை வரிந்து கட்டி, தெருவில் போகிறவருக்கு முற்றம் தெரியாமல் வேலி அடைப்பார்கள். கதியால் உயிரோடு வளர்ந்துகொண்டே இருக்கும். கிடுகு மட்டும் அவ்வப்போது மாறும். கொங்குநாட்டில் கிளுவை வேலி இன்றும் காட்டைக் காவல் காக்கிறது. மதிலைக் காத்து நிற்கும் வீரர்கள் நொச்சிப்பூச் சூடினார்கள் என்கிறது புறப்பொருள் இலக்கணம். மதில் காப்பதற்கே நொச்சித்திணை என்று பெயர். புறப்பொருள் வெண்பாமாலையில் அதற்கென்று தனிப் படலமே இருக்கிறது. சுவரோரம் நொச்சி நடுவதற்கு இதைவிடப் பெரிய சிபாரிசு எங்கே கிடைக்கும்?

நொச்சி, குச்சி வெட்டி நட்டாலே வரும். ஆடு கடிக்காது. 10 அடிக்கு மேல் போகும், வெட்ட வெட்டத் தழைக்கும், ஊதாப் பூவுக்குத் தேனீ வரும். தண்ணீரே காட்டாமல் விட்டால் கோடையில் மெலியும். கிளுவை கோடையில் இலையே இல்லாமல் நிற்கும். வீட்டு மறைப்புக்கு அது தனியாகப் போதாது. மருதாணி 6 அடி, 8 அடிக்குக் கச்சிதமான வேலி. கறிவேப்பிலையை நுனி கிள்ளிக்கொண்டே இருந்தால் அடியிலிருந்து கிளைத்துப் புதராகும். சமையலறைப் பக்கத்து ஜன்னலுக்கு அதைவிடப் பொருத்தமானது எது? மகிழம் பொறுமைசாலிகளுக்கு: மெதுவாக வளரும், ஆனால் கட்டான பச்சை, இலை உதிர்த்து மொட்டையாகாது, வாசனை வேறு. கடலோர வீடு என்றால் புன்னை. உப்புக் காற்றுக்கு அஞ்சாது.

நாட்டுச் செடிப் பற்று தலைக்கேறவும் வேண்டாம். பல ஊர்களில் வேலியாக நின்று பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுத்த கொடுக்காப்புளி மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. யாரும் அதை வெளியூர்க்காரராக நினைப்பதில்லை.

அரளிக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் எதிர் வண்டியின் முகப்பு விளக்கு கண்ணில் அடிக்காமல் இருக்க வைத்திருக்கிறார்களே, அது அருமையான மறைப்பு. கண் மட்டத்தில் அடர்த்தி, அதிகத் தண்ணீர் கேட்காது, மாடு தின்னாது. மாடு தின்னாததன் காரணம் விஷம். இலை, பூ, விதை எல்லாமே இதயத்தைத் தாக்கும். வாயில் எதையும் வைக்கிற வயசுப் பிள்ளை வீட்டில் இருந்தால் அரளியும் வேண்டாம், மஞ்சள் பூப் பூக்கும் பொன்னரளியும் வேண்டாம்.

“மூன்றடி சந்திலும் ஒரு மரம் வைத்துவிடலாம்”

முடியாது. பக்கவாட்டில் மூன்றடி விட்டு வீடு கட்டிவிட்டு அதில் மரம் தேடுகிறவர்கள்தான் இப்போது நம்மில் அதிகம். அந்தச் சந்தில் செப்டிக் டேங்க் குழாய் ஓடும், மோட்டார் இருக்கும், கேஸ் சிலிண்டர் போய்வர வேண்டும். அங்கே இரும்புக் குழாயில் ஒரு சட்டமும் அதில் ஒரு கொடியும் போதும். ரங்கூன் மல்லி அடர்ந்து ஏறும். மாடியிலிருந்து திரை போலத் தொங்கவிட கர்ட்டன் க்ரீப்பர் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஐப்பசி முதல் மாசி வரை அவரைப் பந்தல். பால்கனிக்காரரின் பார்வைக்கு இலை, எங்கள் குழம்புக்குக் காய்.

“தெற்கிலும் மேற்கிலும்தான் பெரிய மரம்”

வாஸ்து சொல்வதில் மேற்கு சரி. பிற்பகல் வெயில் மேற்குச் சுவரைத்தான் வாட்டும். அங்கே ஒரு மரம் மறைப்போடு குளிர்ச்சியும் தரும். தெற்குப் பக்கம் அவ்வளவு இல்லை. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கிறது. கொளுத்தும் மாதங்களில் தெற்கு மரத்தின் நிழல் உங்கள் வீட்டின் மேல் விழுவதே இல்லை.

“ஆளுயரக் கன்றாக வாங்கி, ஆழமாக நடு”

இரண்டுமே தப்பு. பையில் வெகுநாள் இருந்து ஆளுயரம் வளர்ந்த கன்றின் வேர், பைக்குள்ளேயே சுருண்டு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கும். நட்ட பிறகும் அது வெளியே போகாமல் அங்கேயே சுற்றும். இரண்டடி, மூன்றடிக் கன்று சீக்கிரம் பிடித்துக்கொண்டு பெரியதை எட்டிவிடும். வாங்கும்போது பையின் அடியைப் பாருங்கள். வேர் பொத்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் வேறு கன்று கேளுங்கள்.

ஆழமாக நட்டால் புயலுக்குச் சாயாது என்பதும் சரியில்லை. அடிமரமும் வேரும் சேரும் கழுத்து மண்ணுக்குள் புதைந்தால் அழுகும். மரத்தைத் தாங்குவது ஆழமல்ல, பக்கவாட்டில் விரிந்த வேர். உணவு உறிஞ்சும் வேர்களும் பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணில்தான். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னைத் தெருக்களில் சாய்ந்து கிடந்த பெருங்கொன்றைகளையும் செம்மயிற்கொன்றைகளையும் நினைத்துப் பாருங்கள். பலவற்றின் அடியில் ஒரு பக்கம் தார், மறுபக்கம் சிமெண்ட். வேர் விரிய இடமே இல்லை. முட்டுக் கொடுக்கும் கழியையும் இறுக்கிக் கட்டாதீர்கள். காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும். ஒரு வருடத்தில் கழியை எடுத்துவிடலாம்.

குழியில் பச்சைச் சாணத்தைக் கொட்டுவது இன்னொரு பழக்கம். வேர் கருகும், கரையான் வரும். மக்கிய எரு போதும்.

“மரம் வைப்பதைவிட வழக்குப் போடலாம்”

1882-ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டம், 18-ஆம் பிரிவின் எடுத்துக்காட்டில், அண்டை வீட்டின் அந்தரங்கத்தைக் கெடுக்கும்படி புது ஜன்னல் திறக்கக் கூடாது என்று ஓர் ஊரில் வழக்கம் இருந்தால் அது உரிமையாகும் என்கிறது. 1888-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கோகல் பிரசாத் எதிர் ராதோ வழக்கில் அப்படியொரு வழக்கத்தை ஏற்றது. ஆனால் உங்கள் ஊரில் அந்த வழக்கம் உண்டு என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பிளாட் போட்டு இருபது வருடம் ஆகாத நகரில் எந்த வழக்கத்தை நிரூபிப்பது?

அதைவிட, கன்று நடுவதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். இலை அவர் பக்கமும் விழும், கிளை அவர் பக்கமும் நீளும். நான் சொல்லாமல் நட்டேன். அவர் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர் இறங்கும் குழாயில் என் நெட்டிலிங்க இலை அடைத்துக்கொண்ட மழைநாளில்தான் முதன்முதலாக உட்கார்ந்து பேசினோம். எட்டில் ஐந்தை வெட்டியது அவர் கொடுத்த அரிவாளால்தான். அவருக்கும் எங்கள் பால்கனி தொல்லையாக இருந்தது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பேசி முடித்துவிட்டீர்களா? இனி நடுகிற காலம். அதற்கு ஆடியில் அவசரப்பட வேண்டாம், ஆடிப்பட்டம் விதைக்கு. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களில் புரட்டாசிக் கடைசியில் நட்டால் மழையே பாதி வேலையைச் செய்துவிடும். குமரி, நீலகிரி போல ஆனி, ஆடியிலேயே மழை பிடிக்கும் இடங்களில் அதற்கேற்ப முன்னதாக நடலாம். அதற்குப் பிறகு முதல் இரண்டு கோடைக்கும் வாரத்துக்கு இரண்டு முறையாவது, வேர் நனையும்வரை, குடத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.